மிருதங்கம் இரண்டாகப் பிரிந்த கார்: ஒலித்தரப் போட்டிக்குத் தயாரான ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்களுடையது கோவையில் ஒரு சின்ன கார் ஆடியோ கடை. நான், உதவிக்கு இரண்டு பையன்கள், பின்னால் இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட். வருகிற வேலையில் முக்கால்வாசி ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, டிக்கியில் ஒரு சப் வூஃபர் என்ற அளவோடு முடிந்துவிடும். ஒலித்தரப் போட்டிக்கென்று கார் கட்டக் கேட்டு வருகிறவர்கள் வருடத்துக்கு ஒருவரோ இருவரோதான். அப்படி 2023 டிசம்பரில் வந்த ஒரு காரைப் பற்றியது இந்தக் குறிப்பு. அந்த வேலை அடுத்த ஜூன் வரை இழுத்தது. இடையில் நான் செய்த ஒரு பிழை முதல் போட்டியைக் கெடுத்தது. அது எப்படி நுழைந்தது, எங்கே ஒளிந்திருந்தது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கார் ஆடியோ போட்டி என்றதும் பலருக்கும் கண்ணாடி அதிர்கிற சத்தப் போட்டிதான் நினைவுக்கு வரும். அதில் மைக் வைத்து டெசிபல் அளந்து முடித்துவிடுவார்கள். ஒலித்தரப் போட்டி வேறு. எம்மா, இயாஸ்கா போன்ற கார் ஆடியோ போட்டி அமைப்புகளுக்குச் சொந்தமாக சோதனை டிஸ்க்குகள் உண்டு. நடுவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவார். குரலும் வாத்தியமும் இயல்பாக ஒலிக்கிறதா, கேட்கும்போது மனதில் தெரிகிற கச்சேரி மேடை டாஷ்போர்டுக்கு மேலே கண்ணுக்கு எதிரே விரிகிறதா, ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் இடத்தில் அசையாமல் நிற்கிறதா, சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் தன்மை மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். கிராஃப் அழகாக இருக்கிறது என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

வாடிக்கையாளருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். லேத் பட்டறை வைத்திருக்கிறார். சிறு வயதிலிருந்து மிருதங்கம் வாசிக்கிறவர். கோயில் கச்சேரிகளுக்கும் சின்ன சபாக்களுக்கும் பக்கவாத்தியமாகப் போவார். நண்பர் ஒருவரின் போட்டிக் காரில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நம்ம வண்டியிலயும் கச்சேரி இப்படி முன்னாடி உக்காந்து பாடோணும்ங்க தம்பி" என்று வந்து நின்றார். பட்ஜெட், கூலி உட்பட 1.60 லட்சம் ரூபாய். ஆரம்பநிலைப் பிரிவில் ஒருமுறை கலந்துகொள்ள வேண்டும், அப்புறம் தினமும் ஓட்டவும் வேண்டும் என்பது அவர் கணக்கு.

கார் வந்தபோது பார்த்தது

இரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆறு ஏர்பேக் உள்ள மாடல். கதவின் வெளித் தகட்டை விரலால் தட்டினால் பிஸ்கட் டின்னைத் தட்டியது போலக் கேட்டது. உள்பக்கம், கண்ணாடி மோட்டாரை எடுத்துப் போடுவதற்காகக் கம்பெனியே விட்டிருக்கும் பெரிய ஓட்டை, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். எல்லாக் கார்களிலும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

கம்பெனி ஸ்டீரியோவின் வெளியீட்டை அளந்தபோது ஒன்று தெரிந்தது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸை அதுவே மெல்லக் குறைத்துக்கொண்டது. சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்கச் செய்கிற ஏற்பாடு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் சத்தம் மாறினாலும் தன்மை மாறக் கூடாது என்று மதிப்பெண் போடுகிற போட்டிக்கு இது ஆகாது.

வாடிக்கையாளர் கையோடு ஒரு பவர் கேபிள் வாங்கி வந்திருந்தார். மேலே 4 கேஜ் என்று அச்சடித்திருந்தது. பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு பூசிய அலுமினியம். மொத்தத் தடிமனில் பாதி தோல்தான். திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு முழுச் செம்புக் கேபிள் போட்டோம். போட்டி இருக்கட்டும், இது தீ பிடிக்கிற விஷயம்.

எடுத்த முடிவுகள்

முதலில், மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை எங்கே வைப்பது என்ற கேள்வி. போட்டிக் கார்களில் முன் கண்ணாடித் தூணில் தனியாகக் குமிழ் செய்து ட்வீட்டரை வைப்பது வழக்கம். மேடை அகலமாகக் கிடைக்கும். ஆனால் இந்தக் காரில் அந்தத் தூணின் உறைக்குள்தான் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் கட்டியாக எதையாவது ஒட்டினால், ஏர்பேக் விரிகிற நேரத்தில் அது தடுக்கும், அல்லது முகத்தை நோக்கிப் பறக்கும். முடியாது என்று சொல்லிவிட்டேன். கதவில் சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்கும் முக்கோணத் துண்டில் வைத்தோம். அகலம் கொஞ்சம் குறையும் என்று அவரிடம் முன்பே சொன்னேன்.

முன்பக்கம் இரண்டே வழி: கதவில் ஆறரை இன்ச், முக்கோணத்தில் ட்வீட்டர். தனி மிட்ரேஞ்ச் போட டாஷ்போர்டை வெட்ட வேண்டும், பட்ஜெட்டும் இடம் தரவில்லை. கதவு ஸ்பீக்கர் காலுக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு இருப்பதால், 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதன் ஒலி காதை நோக்கி வருவது குறைந்துகொண்டே போகும். அதனால் கீழே இறங்கி வேலை செய்யக்கூடிய பெரிய ட்வீட்டராகப் பார்த்து வாங்கி, 2,400 ஹெர்ட்ஸில் பிரித்தோம்: அதற்கு மேலே ட்வீட்டருக்கு, கீழே கதவு ஸ்பீக்கருக்கு. பேஸுக்கான சப் வூஃபர் பத்து இன்ச், மூடிய பெட்டி. போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி சத்தம் கூடத் தரும்தான். ஆனால் காரின் உள்ளறை சின்னது, அடி பேஸைத் தானே தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டியின் சரிவும் அந்தத் தூக்கலும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டும்.

கம்பெனி ஸ்டீரியோவை எடுக்கவில்லை. ஸ்டீரிங் பட்டன், கேமரா எல்லாம் அதோடுதான் பேசுகின்றன. கம்பெனி வயர் எதையும் வெட்டாமல் கப்ளர் போட்டு அன்றாடப் பாட்டுக்கு அதையே டிஎஸ்பியில் (ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனித்தனியாகத் திருத்தும் டிஜிட்டல் பெட்டி) இணைத்தோம். போட்டிக்கு மட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் பிளேயர், ஆப்டிகல் கேபிள் வழியாக நேராக டிஎஸ்பிக்கு.

கட்டியது

கட்டுமானம் எட்டு நாள். கதவின் வெளித் தகட்டில் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டை (ரப்பர் போன்ற ஒட்டும் தாள்) சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒட்டினோம். அதிர்வை அடக்க அது போதும். முழுக்க ஒட்டினால் கதவின் எடை கூடிக் கீலுக்குத்தான் கேடு. கதவடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மூடாமல் விட்டோம். ஸ்பீக்கர் வளையத்தை எம்டிஎஃப் பலகையில் செய்தால் இரண்டு மழையில் உப்பிப் போகும் என்பதால், கெட்டியான பிளாஸ்டிக்கில் கடைந்து போட்டோம். வாடிக்கையாளரே தன் லேத்தில் கடைந்து கொடுத்தார், எங்கள் வேலையைவிடச் சுத்தமாக.

உள்பக்கத்துப் பெரிய ஓட்டையை அதே பியூட்டைல் ஷீட்டால் மூடினோம். ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். முன்னலையும் பின்னலையும் ஓட்டை வழியாகச் சந்தித்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். பேஸ் காணாமல் போகும். கதவுதான் அந்த ஸ்பீக்கரின் பெட்டி. இந்த ஒரு விஷயம் பின்னால் பெரிதாக வரப்போகிறது.

பேட்டரியிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். எர்த் கம்பிக்குப் பெயின்ட்டைச் சுரண்டித் தகடு பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட். எஞ்சின் ஓடும்போது ஒரு மெல்லிய விசில் வந்தது. அரை நாள் தேடிய பிறகு, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்த போன் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது.

ஜனவரி டியூனிங்

நம் ஊர்க் காரில் டிரைவர் வலப்பக்கம். அவர் தலையிலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் 88 செ.மீ., இடது 134 செ.மீ. வித்தியாசம் 46 செ.மீ. ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும் என்பதால், வலது ஸ்பீக்கரின் ஒலி 1.3 மில்லி செகண்ட் முந்திக்கொண்டு வந்துவிடும். முதலில் வந்து சேர்கிற ஒலியின் பக்கமே காது சாயும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-லேயே எழுதிவிட்டார். அதனால் கிட்ட இருப்பதை டிஎஸ்பியில் தாமதப்படுத்த வேண்டும். டிக்கியில் உள்ள சப் 158 செ.மீ. தூரம். அதை அளவுகோலாக வைத்து வலது கதவுக்கு 2.03, இடது கதவுக்கு 0.70, வலது ட்வீட்டருக்கு 2.44, இடது ட்வீட்டருக்கு 1.05 மில்லி செகண்ட் என்று தொடங்கினேன். டேப் வைத்து அளந்தது தொடக்கம் மட்டும்தான். சப் அதன் ஃபில்டராலேயே இன்னும் கொஞ்சம் பிந்தும், அதை மைக் வைத்துத் திருத்த வேண்டும்.

அப்புறம் ஈக்வலைசர். பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, மைக்கைத் தலை இருக்கும் இடத்தைச் சுற்றி மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாக அளந்து, இடதையும் வலதையும் ஒரே வளைவுக்குக் கொண்டுவந்தேன். 80-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபலுக்குள். எல்லா அளவையும் லேப்டாப்பில் சேமித்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

காரை எடுக்க வந்தவர் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டார். அரை மணி நேரம் பேசவே இல்லை. இறங்கும்போது, "மிருதங்கம் இருக்கற எடத்துல இருக்குதுங்க" என்றார்.

பிப்ரவரி கடைசி வாரம்

போட்டி மார்ச் இரண்டாம் வாரம். அதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கக் காரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடையில் கூட்டம். இரண்டு பக்கமும் ஒன்றாக ஓட, ஒரே ஒரு அளவு எடுத்தேன். 100-க்கும் 200-க்கும் இடையில் சுமார் 3 டெசிபல் பள்ளம். ஜனவரியில் அங்கே பள்ளம் கிடையாது. ஸ்பீக்கர் ஓடி ஓடி இளகியிருக்கும், பியூட்டைல் படிந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். டிஎஸ்பி மென்பொருளில் இடது வலது இரண்டையும் இணைத்து ஒன்றாக மாற்றும் பட்டன் உண்டு. அதை அழுத்தி, இரண்டு பக்கமும் 3 டெசிபல் ஏற்றினேன். கிராஃப் நேராகிவிட்டது. மொத்தம் பத்து நிமிஷ வேலை.

அப்போது அவர் ஒன்று சொன்னார். "தம்பி, தொப்பி என்ற முட்டிகிட்ட கேக்குதுங்க. வலந்தலை மட்டும் அந்தப் பக்கம் கேக்குது. மிருதங்கம் ரெண்டா நிக்குது." தொப்பி என்பது மிருதங்கத்தின் கீழ் ஒலி தரும் இடக்கைப் பக்கம், வலந்தலை வலக்கைப் பக்கம்.

நான் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பெண் பாடகியின் சினிமாப் பாட்டைப் போட்டேன். குரல் டாஷ்போர்டு நடுவில், ஆணி அடித்தது போல. கிராஃபையும் காட்டினேன். "ரெக்கார்டிங்ல அப்படி இருக்கும்ங்கண்ணா" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிங்க தம்பி" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

முதல் போட்டி

மார்ச் வெயில், திறந்த வாகன நிறுத்தம். பிரிவில் ஒன்பது கார்கள், எங்களுக்கு ஏழாவது இடம். தொனியில் மதிப்பெண் மோசமில்லை. மேடையிலும் வாத்தியங்களின் இடத்திலும்தான் சரிந்திருந்தது. இரண்டு நடுவர்கள் தனித்தனியே கேட்டார்கள். ஒருவர் தாளில் எழுதியிருந்தது, ஆண் குரலின் அடிப்பகுதி வலப்பக்கம் சாய்கிறது என்று. இன்னொருவர் எழுதியது, தாள வாத்தியத்தின் கீழ் ஒலி வலது முழங்கால் பக்கம் கேட்கிறது என்று.

வாடிக்கையாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். அப்போதுதான் சொன்னார்: "நான் அன்னிக்குப் போட்டுக் காட்டின கச்சேரியில வாசிச்சது நானுங்க தம்பி. எங்க உக்காந்து வாசிச்சேன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் பாடுகிறவரின் வலக்கைப் பக்கம் உட்காருவார், வலந்தலை சபையைப் பார்க்க. கேட்கிறவர்களுக்கு அது இடப்பக்கம். அவருடைய பதிவில் மிருதங்கம் முழுவதும் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். வலந்தலையில் அடிக்கிற சாப்பும் மீட்டும் அங்கேயே இருக்க, தொப்பியின் கீழ் ஒலியான கும்கி மட்டும் நடுவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னதை நான் கேட்கவில்லை.

தேடியது

போட்டி இடத்திலேயே ஒருவர் வெயில்தான் காரணம் என்றார். சூட்டில் ஒலியின் வேகம் கூடும், தாமதக் கணக்கு தப்பும் என்று. வேகம் கூடுவது உண்மை. ஆனால் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனாலும் 46 செ.மீ. வித்தியாசத்தில் வரும் மாற்றம் 0.03 மில்லி செகண்ட். தலை ஒரு சென்டிமீட்டர் நகர்வதற்குச் சமம். யார் உட்கார்ந்தாலும் அதைவிட அதிகமாகவே அசைவார்கள். அதை ஒதுக்கினேன்.

அடுத்து வயர் மாறியிருக்கிறதா என்று பார்த்தோம். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் கம்பியில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு பக்கமும் வெளியேதான் வந்தது.

மூன்றாவதாக, பிங்க் நாய்ஸை மூன்றில் ஒரு ஆக்டேவ் அளவுள்ள சின்னச் சின்ன அதிர்வெண் துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றும் எங்கே கேட்கிறது என்று கைநீட்டிக் காட்டச் சொன்னேன். வாடிக்கையாளரும் பையனும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். 80-க்கு நடு. 400-க்கு நடு. 1,000-க்கு நடு. 125-க்கும் 160-க்கும் இருவர் கையும் வலது கதவைக் காட்டியது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திம ஸ்தாயி சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். தொப்பியின் நாதமும் இந்தப் பக்கத்தில்தான். நான் சோதித்த பெண் குரலில் இந்த இடத்தில் எதுவுமே இல்லை.

வலப்பக்கத்தை அணைத்துவிட்டு இடதை மட்டும் அளந்தேன். அதே இடத்தில் பெரிய குழி. பிப்ரவரியில் ஏற்றிய 3 டெசிபலையும் எடுத்துவிட்டு ஜனவரிக் கோப்போடு ஒட்டிப் பார்த்தால், இடது கதவு மட்டும் 7 டெசிபல் இறங்கியிருந்தது. வலது கோடு ஜனவரிக் கோட்டின் மேலேயே படிந்தது.

கணக்கு அப்போதுதான் பிடிபட்டது. இரண்டு சம ஸ்பீக்கர்களில் ஒன்று 7 டெசிபல் இறங்கினால், சேர்த்து அளக்கும்போது ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறைந்து தெரியும். நான் பார்த்த பள்ளம் அதுதான். இரண்டு பக்கமும் 3 ஏற்றியதும் கூட்டுத்தொகை நேரானது. பக்கங்களுக்கு இடையே இருந்த 7 டெசிபல் அப்படியே நின்றது. இடது இன்னும் 4 குறைவு, வலது 3 அதிகம். கிராஃப் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

ஏன் இறங்கியது? இடது கதவுக்கு 120 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்துவிட்டு, கதவின் உள் உறையான டிரிம்மைக் கழற்றினோம். பையன் ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து, பியூட்டைல் ஷீட்டின் ஓரத்தோடு மெல்ல நகர்த்தினான். மேல் விளிம்பு முழுக்கப் புகை நேராக எழுந்தது. கீழ் மூலைக்கு வந்ததும் புகை கிழிந்து கிழிந்து உதறியது. ஷீட்டை யாரோ கத்தியால் 'ட' வடிவில் கீறி, மடித்துத் திறந்து, திரும்ப மூடியிருந்தார்கள். உள்பக்கம் தூசி படிந்ததால் ஒட்டவில்லை. என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

வாடிக்கையாளருக்கு உடனே நினைவு வந்தது. பிப்ரவரி நடுவில் இடது கண்ணாடி இறங்காமல் போய், ஓர் இடத்தில் மோட்டாரை மாற்றியிருக்கிறார். "அத உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணலைங்க." தோன்றாது. கண்ணாடிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கேட்டிருக்க வேண்டியது நான். மோட்டார் மாற்றியவர் மேலும் தப்பில்லை. அவர் அந்த ஓட்டைக்குள் கைவிட்டே ஆக வேண்டும், நாங்கள் அதற்கு வழி வைக்கவில்லை.

திருத்தியது

ஈக்வலைசரில் இடதை மட்டும் 7 டெசிபல் ஏற்றிப் பார்க்கலாமே என்று பையன் கேட்டான். முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழிப்பதால் வருகிற குழி அது. ஏற்ற ஏற்ற இரண்டு அலையும் சேர்ந்தே ஏறும், அழிவும் சேர்ந்தே ஏறும். ஆம்ப்பின் சக்தி அதற்கே போய், கோன்தான் வீணாக ஆடும். ஓட்டையை அடைப்பது ஒன்றுதான் வழி.

திரும்பவும் பியூட்டைல் ஒட்டினால் அடுத்த மோட்டார் வேலையில் இதே கதை. அதனால் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டை ஓட்டையின் வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தில் மூடிய செல் ஃபோம் பட்டி ஒட்டி, எட்டு ஸ்க்ரூவில் மாட்டினோம். யார் வேண்டுமானாலும் கழற்றலாம், திரும்ப மாட்டலாம். தகட்டின் மேல் ஒரு துண்டு பியூட்டைல், கணகணவென்று பேசாமல் இருக்க. இரண்டு கதவுக்கும் தகட்டை அவர் பட்டறையிலேயே வெட்டினார். வெளிப்பக்கம் பெயின்ட் மார்க்கரில் "8 ஸ்க்ரூவும் திரும்பப் போடவும்" என்று பெரிதாக எழுதிவிட்டார். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

அப்புறம் பிப்ரவரி மாற்றத்தை அழித்துவிட்டு, ஜனவரிக் கோப்பை ஏற்றி, இடம் வலம் தனித்தனியாக அளந்தேன். 125-ல் வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள் வந்தது. கச்சேரியைப் போட்டோம். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். தனி ஆவர்த்தனம் வந்ததும் தாளம் நின்றது. இடப்பக்கக் கண்ணாடியின் ஒரு மூலையை விரலால் காட்டி, தலையை ஆட்டினார். கும்கியும் சாப்பும் அங்கேயே இருந்தன.

இரண்டாவது போட்டி

ஜூனில் நடந்தது. பிரிவில் எட்டு கார், எங்களுக்கு இரண்டாம் இடம். வாத்தியங்களின் இடத்துக்குக் கிடைத்த மதிப்பெண் முதல் போட்டியைவிட நன்றாக உயர்ந்திருந்தது. வலப்பக்கச் சாய்வு பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை.

குறைகள் வேறு இரண்டு வந்தன. ஒன்று, சத்தம் குறைவாக வைக்கும்போது பேஸ் மெலிகிறது என்று. இது என் பழக்கத்தால் வந்தது. நான் டியூன் செய்வது ராத்திரி, கடை மூடிய பிறகு, 90 டெசிபலுக்குப் பக்கத்தில் வைத்து. சத்தம் குறைந்தால் பேஸ்தான் காதுக்கு அதிகமாகக் குறைந்து தெரியும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் அளந்து காட்டியது இதைத்தான். நடுவர்கள் நிதானமான சத்தத்தில்தான் கேட்கிறார்கள். இன்னொன்று, மேடையின் இடது மூலை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று.

இப்போது வேறு மாதிரி செய்வது

கார் மறுபடி கடைக்குள் வந்தால், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறோம்: கதவு கழன்றதா, சீட் கழன்றதா, பேட்டரி கழன்றதா. பில் புத்தகத்தின் பின்னட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. இரண்டாவது, எவ்வளவு அவசரமானாலும் இடம் தனி, வலம் தனி, அதற்குப் பிறகுதான் சேர்த்து அளப்பது. கூடுதலாக ஆறு நிமிஷம் ஆகிறது. இணைப்புப் பட்டனைக் கடைசி நிமிஷத் திருத்தத்துக்குத் தொடுவதே இல்லை. பழைய கோப்போடு ஒப்பிட்டு, ஒரு பக்கம் மட்டும் 2 டெசிபலுக்கு மேல் மாறியிருந்தால் ஈக்வலைசரைத் தொடாமல் முதலில் டிரிம்மைக் கழற்றுகிறோம்.

கேட்டுப் பார்க்க நான் வைத்திருந்த பாட்டுகளையும் மாற்றினேன். எல்லாமே நான் ரசிக்கிற பாட்டுகள், முக்கால்வாசி பெண் குரல். இப்போது ஒரு ஆண் குரல் கச்சேரி, ஒரு தவில் நாதஸ்வரம், மெதுவான தனி வீணை ஒன்று சேர்ந்திருக்கின்றன. அதோடு வாடிக்கையாளர் எந்தப் பதிவைக் கொண்டுவருகிறாரோ, அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காட்டுகிற இடத்திலேயே கேட்கிறேன். இதற்கு நேரம் பிடிக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் போட்டிக் கார்களை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பெரிய ஓட்டைக்குத் தகடு போடுவதை எல்லாக் கார்களுக்கும் சொல்கிறோம். கதவுக்கு சில நூறு ரூபாய் கூடும் என்றதும் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்குப் பியூட்டைல்தான் ஒட்டுகிறோம், கண்ணாடி மோட்டாரைத் தொட்டால் திரும்ப வரச் சொல்லி.

இந்தக் காரில் சத்தத்தைக் குறைத்து வைத்து டியூன் செய்த இரண்டாவது பிரீசெட் (சேமித்து வைத்த டியூனிங்) ஒன்று இருக்கிறது. அவர் தினமும் ஓட்டும்போது அதைத்தான் போடுகிறார். இடது மூலை தாழ்ந்திருப்பது இன்னும் தீரவில்லை. முக்கோணத் துண்டில் இடது ட்வீட்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற ஒலி குறுக்கே வருகிறது. கோணம் மாற்றிப் பார்க்க ஐந்து வெவ்வேறு ஆப்பு வளையங்களை அவர் கடைந்து கொண்டுவந்திருக்கிறார். இரண்டைப் போட்டுப் பார்த்தாயிற்று.